தறிச் சத்தத்தில் நிறுத்தற்குறிகள்

ஜூன் 18, செவ்வாய்

சஷ்டிகா ஒவ்வொரு வரியின் கடைசியிலும் புள்ளி வைக்கிறாள். வாக்கியம் முடிந்ததா என்று பார்ப்பதில்லை. நோட்டில் இடம் முடிந்தால் புள்ளி. இன்று அவள் எழுதியது:

எங்கள் வீட்டில் ஒரு ஆடு.
இருக்கிறது அது வெள்ளை நான்.
தழை போடுவேன் என் தம்பியை.
முட்ட வரும் அம்மா கட்டி.
வைப்பார்.

இதன்படி வெள்ளையாக இருப்பது சஷ்டிகா. முட்ட வருவது அவளுடைய அம்மா. அவள் அம்மாவை எனக்குத் தெரியும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

இன்று வகுப்பில் முதல் நாள். பிள்ளைகளுக்கு இல்லை, எனக்கு. பள்ளியில் பின்தங்கிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, கோயமுத்தூரில் உள்ள ஓர் அறக்கட்டளை நடத்தும் மாலை வகுப்பு. நடக்கும் இடம் நாச்சிமுத்து முதலாளியின் தறிக்குடோனை ஒட்டிய நூல் அறை. பிள்ளைகளின் அம்மாக்கள் அந்தக் குடோனில்தான் தறி ஓட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

முன்பு சொல்லிக்கொடுத்த அக்கா கல்யாணமாகித் தாராபுரம் போய்விட்டார். நேற்று தலைமையாசிரியை பிலோமினா டீச்சர் வேறு ஆள் தேடி நூல் அறைக்குள் வந்து சுற்றிலும் பார்த்தார். தறிக்கு ஊடு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த என்னைத் தவிர அங்கே நூல் மூட்டைகள்தான் இருந்தன.

"ஒம்பதாவது வரைக்கும் படிச்சிருக்கீல்ல தாரணி? இதுங்களுக்குப் புள்ளி, கமா சொல்லித்தர அது போதும்," என்றார்.

நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

அப்பாவும் அதே குடோனில் தறி ஓட்டுகிறார். "மில்லு புரோக்கர் தைமாசத்துல இருந்து கேட்டுட்டிருக்கான். வகுப்பு நடக்கற வரைக்கும் இரு. நின்னுச்சுன்னா ஆஸ்டலுக்கு வண்டி ஏறு. அப்பறம் அழுவக்கூடாது," என்றார். நூல் மில்லின் ஆஸ்டலில் சேர்ந்தால் மூன்று வருடம் உள்ளேயே இருக்க வேண்டும். நான் அழவில்லை. சாதம் வடித்துக்கொண்டிருந்தேன், ஆவி பட்டது.

ஒன்பதாவதோடு நான் நின்றது அம்மாவின் இடுப்பு வலியால். தார் சுற்ற வீட்டில் வேறு ஆள் இல்லை.

ஜூன் 20, வியாழன்

நான் பேசுவது பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. இது என் தவறு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடுகின்றன. முந்தைய அக்கா எப்படிச் சமாளித்தார் என்று சஷ்டிகாவிடம் கேட்டேன். மூன்று முறை கேட்ட பிறகு என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "அந்த மிஸ் கத்துவாங்க," என்றாள்.

எனக்குக் கத்த வராது.

ஜூன் 21, வெள்ளி

குடோனுக்குள் யாரும் கத்துவதில்லை. கத்தினாலும் பயன் இல்லை. எல்லாம் கைதான். தறியை நிறுத்தச் சொல்ல வேண்டுமானால் ஒரு விரலைக் காற்றில் அழுத்திக் காட்டுவார்கள், மோட்டாரின் சிவப்புப் பட்டனை அழுத்துவது போல. இழை அறுந்திருக்கிறது, முடிச்சுப் போட்டுவிட்டு ஓட்டு என்றால் இரண்டு விரல்களை உருட்டிக் காட்டுவார்கள். என்ன என்று கேட்க மணிக்கட்டைத் திருப்புவார்கள். இந்தப் பிள்ளைகள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அதனால் இன்று பலகையில் ஒரு முற்றுப்புள்ளி வைத்து, பக்கத்தில் விரலை அழுத்திக் காட்டினேன்.

எல்லா விரல்களும் பெஞ்சின் மேல் அழுந்தின.

ஜூன் 27, வியாழன்

காற்புள்ளிக்கு முடிச்சு. முடிச்சுப் போட்ட பிறகு தறி ஓட வேண்டும், வாக்கியமும் ஓட வேண்டும். இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வினாக்குறிக்கு மணிக்கட்டு.

உணர்ச்சிக்குறியில்தான் தப்புச் செய்துவிட்டேன். குடோனில் சில சமயம், தாரைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாக் கட்டை தறியை விட்டுப் பறந்து வரும். அப்போது எல்லாரும் குனிவார்கள். "உணர்ச்சிக்குறி வந்தால் நாடா பறக்கிறது என்று நினைத்துக் குனியுங்கள்," என்று செய்து காட்டினேன். அதிலிருந்து ரித்திக் எழுதும் எல்லா வாக்கியமும் உணர்ச்சிக்குறியில்தான் முடிகிறது. ஆடு புல் தின்றது, குனி. இன்று வியாழக்கிழமை, குனி. பெஞ்சில் மோதி இரண்டு பேருக்கு நெற்றி வீங்கிவிட்டது. ஒருத்தியின் அம்மா வந்து, "என்ன புள்ள, தமிழ் சொல்லித் தர்றயா, கபடி சொல்லித் தர்றயா?" என்று கேட்டார்.

ஜூலை 4, வியாழன்

பிலோமினா டீச்சர் வந்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று முடிவு செய்யாத முகம்.

"காலையில மூணாங்கிளாஸ்ல பாடம் நடத்துறேன். இந்தப் புள்ளைங்க மட்டும் நான் ஒவ்வொரு தடவ நிறுத்தறப்பவும் மேசையில விரல அமுத்துது. ஏன்டா அமுத்தறன்னு கேட்டா மணிக்கட்டத் திருப்பறதுக. அப்பறம் எனக்கே நிறுத்திப் பேச பயமாப் போச்சு தாரணி."

ஆனால் அவர் கையில் இருந்த நோட்டுகளில் ஒரு குறிகூட இல்லை. சஷ்டிகாவின் வரி முடிவுப் புள்ளிகளும் போய்விட்டன. எல்லாக் குறிகளும் பிள்ளைகளின் கைகளில் இருக்கின்றன. தாளில் எதுவும் இறங்கவில்லை. நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன் தப்பாகவாவது ஏதோ இருந்தது.

"அறக்கட்டளையிலிருந்து செயலாளர் ஐயா வர்றாரு. இந்த வகுப்ப நிறுத்திரலாமான்னு யோசிச்சுட்டிருக்காங்களாம். பார்த்துட்டு முடிவு பண்ணுவாரு. அதுக்குள்ள எதாச்சும் பண்ணு," என்றார்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

அழுத்தும் விரலோடு பென்சிலையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். இப்போது பட்டனை அழுத்தினால் தாளில் புள்ளி விழுகிறது. முடிச்சை உருட்டினால் பென்சில் முனை வளைந்து வால் முளைக்கிறது.

சஷ்டிகா இரண்டு இடத்தில் தாளை ஓட்டை போட்டுவிட்டாள். இரண்டு ஓட்டைகளும் சரியான இடத்தில் இருக்கின்றன.

ஜூலை 10, புதன்

அம்மாவுக்கு மருந்து வாங்கி வந்தேன். ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

செயலாளர் வரதராஜன் ஐயா வந்து போனார். பாடம் வாசித்துக்கொண்டிருந்தோம். தறிச் சத்தத்தில் குரல் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று பிள்ளைகள் இப்போதெல்லாம் வாயை மட்டும் அசைத்துத்தான் வாசிக்கிறார்கள். கைகள் தவறுவதில்லை. அழுத்து, உருட்டு, திருப்பு. ஐயா கைக்குட்டையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். அந்த நேரம் பார்த்துப் பாடத்தில் ஓர் உணர்ச்சிக்குறி வந்தது. வகுப்பு மொத்தமும் குனிந்தது.

அவர் என் அருகில் வந்து ஏதோ கேட்டார். உதட்டைப் பார்த்தேன். எத்தனை பேர் என்கிறார். விரல்களில் காட்டினேன். எந்த வகுப்பு. மூன்று விரல். அடுத்துக் கேட்டது மீசைக்குள் போய்விட்டது. மணிக்கட்டைத் திருப்பினேன்.

அவர் என் தலையில் கையை வைத்தார். கண் கலங்கியிருந்தது. நூல் அறையில் பஞ்சு பறக்கும். புதிதாக வருபவர்களுக்குக் கண் கலங்குவது வழக்கம்தான். கைப்பேசியில் எங்களைப் படம் எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். நோட்டு ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

வாட்ஸ்அப்பில் எங்கள் படம் வந்திருக்கிறது. பிலோமினா டீச்சர் முதலாளியின் அறைக்கு என்னைக் கூப்பிட்டு, கைப்பேசியை நீட்டி வாசித்துக் காட்டினார். "பேசும் திறனற்ற இளம்பெண், தன்னைப் போன்ற குழந்தைகளுக்குச் சைகையால் தமிழ் கற்பிக்கும் அதிசயம்! கொங்கு மண்ணில் ஒரு விளக்கு! பகிருங்கள்!"

நான் முதலில் கவனித்தது உணர்ச்சிக்குறிகளை. பிள்ளைகள் இதை வாசித்தால் நெற்றி தாங்காது.

"இப்ப என்னங்க டீச்சர் பண்றது?" என்றார் முதலாளி.

"சொல்லிரலாம்னுதான் போன் பண்ணினேன். அவரு எடுத்ததுமே, 'ஒண்ணும் சொல்லாதீங்க டீச்சர், அந்தப் புள்ளைங்களப் பார்த்ததுல இருந்து எனக்குச் சோறே எறங்கல'ன்னு அழுவறாரு. அழுவற மனுசன்கிட்ட எப்படிங்க சொல்றது?"

"அதுவும் சரிதான். பெரிய மனுசன். அவமானமாப் போயிரும்."

"வகுப்பு தொடர்ந்து நடக்கும்னு சொல்லிட்டாரு. இவளேதான் நடத்தணுமாம். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துல பாராட்டு விழா வேற."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"உனக்கு இதுல ஒண்ணும் சிரமம் இல்லையே அம்மிணி?" என்றார் முதலாளி. "நீ எப்பவும் பேசறதில்லையே."

இல்லை என்று தலையாட்டினேன். அதற்கும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

அம்மா அழுதாள். "எம்புள்ளய ஊமைன்னு போட்டிருக்கான். நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?"

"பேசாதுன்னா வரிசையில நிப்பானுக," என்றார் அப்பா. பிறகு வெளியே போய் மில் புரோக்கருக்கு போன் செய்து, புள்ள இப்போதைக்கு வராது என்று சொன்னார். கதவு திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூலை 27, சனி

பாராட்டு விழா. விழா முடியும்வரை வாய் திறக்கக்கூடாது என்று பிலோமினா டீச்சர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். அவர்களுக்கு அது விளையாட்டு. ஒருவர் வாயை ஒருவர் பொத்திக்கொண்டு மேடையேறினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள்.

வரதராஜன் ஐயா பேசினார். பிள்ளைகள் பழக்கத்தில் விரலைத் தூக்கிக்கொண்டார்கள், அவர் நிறுத்தும்போது அழுத்தலாம் என்று. அவர் நிறுத்தவே இல்லை. கல்வியில் தொடங்கி, கருணைக்குப் போய், அவருடைய தாயாருக்கு வந்து, அவர் மோட்டார் தொழில் தொடங்கிய காலத்துக்குப் போய், ஆகவே, ஆனபடியால், மட்டுமல்லாமல் என்று ஒரே வாக்கியம். முடிச்சுப் போட்டுப் போட்டுப் பிள்ளைகளின் விரல்கள் சிவந்துவிட்டன.

கடைசியில் ரித்திக்குக்குப் பொறுக்கவில்லை. "தண்ணி வேணும்," என்று மைக்குக்குப் பக்கத்திலேயே சொல்லிவிட்டான்.

அப்போதுதான் ஐயா நிறுத்தினார். சபையும் அப்படியே நின்றது. டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி செருப்பைத் தேடினார்.

ஐயா ரித்திக்கைத் தூக்கி மேசைமேல் நிறுத்தினார். "பார்த்தீங்களா?" என்றார். "ஒரு மாசத்துல இந்தக் குழந்தைக்குப் பேச்சு வந்திருக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ரித்திக்கின் அம்மாவும் கைதட்டினார். கேட்டதற்கு, எல்லாரும் தட்டினார்கள் என்றார்.

ஜூலை 29, திங்கள்

சால்வையை மடித்துப் பீரோவில் வைத்தேன். மேடையில் அவ்வளவு நேரம் இருந்தும் எனக்கு உள்ளங்கை வியர்க்கவில்லை. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வாசிக்கச் சொல்லவில்லை.

ஒன்பதாவதில் தமிழ்ப் பாடவேளையில் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். முற்றுப்புள்ளியில் நிறுத்தினால் அந்த இடைவெளியில் யாராவது சிரித்துவிடுவார்கள். அதனால் நான் எங்கும் நிறுத்தாமல், மூச்சுத் தீரும்வரை வாசிப்பேன். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். அம்மாவின் இடுப்பு வலி ஆரம்பித்தது அதற்கு அடுத்த மாதம். முன்பு எழுதியதில் இந்த வரிசை விட்டுப்போயிற்று.

ஆகஸ்ட் 1, வியாழன்

காங்கேயம் பக்கத்திலிருந்து வசந்தாமணி என்ற அக்கா தன் மகளோடு வந்திருக்கிறார். தேங்காய்க் களத்தில் வேலை. மகள் இனியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. ஈரோட்டில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பள்ளியில் ஆஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். விழாவில் ரித்திக் பேசியதும் வாட்ஸ்அப்பில் போயிருக்கிறது. அதைப் பார்த்து அக்கா வரதராஜன் ஐயாவுக்கே போன் செய்திருக்கிறார். ஐயா உடனே புறப்பட்டு வரச் சொல்லிவிட்டாராம்.

"அங்க கைச்சாடதானுங்க சொல்லித் தர்றாங்க," என்று பிலோமினா டீச்சரிடம் சொன்னார். "இங்க பேச்சே வருதாமில்லீங்க?"

டீச்சர் ஜன்னல் வழியாகக் கொடிக்கம்பத்தைப் பார்த்தார். "கொஞ்ச நாள் உக்காரட்டும், பார்க்கலாம்," என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். எனக்குக் கேட்காது என்பதால் வாயைப் பெரிதாகத் திறந்து, கைகளையும் ஆட்டி, தன் மகளையும் என்னையும் மாறி மாறிக் காட்டினார். உன்னைப் போல ஆகிவிட்டால் போதும் என்று அர்த்தம். நான் சிரித்துவைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடி பதினெட்டு. தறி ஓடவில்லை. ஊரே பேசிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இனியா நன்றாக எழுதுகிறாள். புத்தகத்தைப் பார்த்து எழுதினால் ஒரு குறிகூடத் தவறுவதில்லை. நாங்கள் வாயசைத்து வாசிக்கும்போது மற்றவர்கள் அழுத்தினால் அவளும் அழுத்துவாள், ஒரு கணம் தள்ளி. குனிவது அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே நான் அவளுக்குப் புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது குடோனின் சாடைகள் மட்டும்தான். அவளிடம் ஆட்டுக்கு, மழைக்கு, நேற்றுக்கு, பொறாமைக்கு எல்லாம் சாடை இருக்கிறது.

இன்று என்னைப் பார்த்து இரண்டு கைகளாலும் வேகமாக, நீளமாக ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. மணிக்கட்டைத் திருப்பினேன். மறுபடியும் மெதுவாகச் சொன்னாள். மறுபடியும் திருப்பினேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 7, புதன்

எனக்குப் பின்னால் தார்ப்பெட்டி சரிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். அறையில் திரும்பாதது இனியா மட்டும்தான். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் காதைத் தொட்டு, என் காதைக் காட்டினாள்.

நான் பலகையை அழித்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

வகுப்பு முடியும்வரை வசந்தாமணி அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு முடிந்து நான் வெளியே வந்தபோது அவர் சஷ்டிகாவின் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "மூணு நாளா இந்தப் புள்ளயக் காட்டிக் காட்டி என்னமோ சொல்றா. காதத் தொடறா, தலைய ஆட்டறா. எனக்கு எங்கீங்க தெரியுது? சோறு, தண்ணி, தூக்கம், இதுக்குத்தான் எனக்குச் சாட தெரியும். டீச்சர் புள்ள மேல ரொம்பப் பிரியம் போல."

"இருக்கும், இருக்கும்," என்றார் சஷ்டிகாவின் அம்மா. உடனே சீலையில் ஒட்டிய பஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்.

இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வசந்தாமணி அக்கா இங்கேயே வீடு பார்த்துவிட்டார். முதலாளி குடோனில் வேலை தருகிறாராம். திங்கள்கிழமை காலை ஈரோடு போய், அந்தப் பள்ளியில் மகளின் டி.சி.யை வாங்கிக்கொண்டு வரப் போகிறார்.

"அந்த ஆஸ்டல்ல எடம் கெடைக்க நான் நடையா நடந்தேன். இப்ப நானே போயி வேண்டாம்னு எழுதிக் குடுக்கறேன் பாருங்க," என்று எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்கிறார். டி.சி. வாங்கினால் அந்த இடம் மறுநாளே வேறு பிள்ளைக்குப் போய்விடும் என்றும் அவரே சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிலோமினா டீச்சர் முன்னால் நின்றேன்.

"டீச்சர், அந்தக்கா டி.சி. வாங்கறாங்க."

"கேள்விப்பட்டேன்."

"அந்தப் புள்ளைக்கு இங்க ஒண்ணும் இல்லீங்."

"நாலு புள்ளைங்களோட உக்காந்து எழுதுது. அம்மாகூட இருக்குது. என்ன கெட்டுப்போச்சு?"

"பேச்சு வரும்னு நெனச்சுட்டு இருக்காங்."

டீச்சர் பேனாவை மூடினார். "இங்க பாரு தாரணி. அவகிட்டச் சொன்னா அது வரதராஜன் ஐயா காதுக்குப் போகும். மறுநாளே வகுப்புக்குப் பூட்டு. சஷ்டிகாவும் ரித்திக்கும் பழையபடி. எனக்கு மெமோ. நீ மில்லுக்குப் போவ. இத்தன பேரு கெடணுமா? நல்லா யோசி. நான் உன்னச் சொல்ல வேண்டாம்னு சொல்லல."

அவர் சொன்னதில் எங்கும் பிழை இல்லை. வரும் வழியில் திரும்பத் திரும்ப யோசித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

ஆகஸ்ட் 10, சனி

மில் புரோக்கர் வந்திருந்தார். "ஊமைப் புள்ளைங்களுக்கும் மில்லுல வேல உண்டுங்க. மிசின் கிட்ட என்ன பேச்சு வேண்டிக் கெடக்குது?" என்றார் அப்பாவிடம். அவருக்கும் வாட்ஸ்அப் வந்திருக்கிறது.

"எம்புள்ள வாத்தியாருங்க," என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்லி இதுவரை கேட்டதில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

துணி துவைத்தேன். சால்வையை எடுத்துப் பார்த்தேன். சாயம் போகும் துணி, தண்ணீரில் போடக்கூடாது என்று அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஈரோடு பஸ் காலையில் வரும். பால் வாங்கும் தூக்குவாளியோடு பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். வசந்தாமணி அக்கா புதுச் சீலை கட்டியிருந்தார். இனியா இரட்டை ஜடை. என்னைக் கண்டதும் அக்கா வாயைப் பெரிதாகத் திறந்து, கையை ஆட்டி, ஈரோடு, தாள், திரும்பி வருகிறோம் என்று காட்டினார்.

"அக்கா, டி.சி. வாங்காதீங்க," என்றேன்.

அவர் கை அப்படியே காற்றில் நின்றது. பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அக்காவின் கண்கள் நிரம்பிவிட்டன. என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, உனக்கும் வந்திருச்சா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. அவர் பூக்கடைக்காரரிடம், "பாருங்க, இந்தப் புள்ளைக்கும் பேச்சு வந்திருச்சு, என் கண்ணு முன்னாலயே வந்துச்சு," என்று சொல்ல ஆரம்பித்தார். பூக்கடைக்காரருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். அவர் பூவுக்குத் தண்ணீர் தெளிக்கப் போய்விட்டார்.

"வரல அக்கா," என்றேன். "எப்பவுமே வருமுங். காதும் கேக்கும். வகுப்புல எல்லாப் புள்ளைங்களும் பேசும். தறிச் சத்தத்துல பேசுனா கேக்காதுன்னு கையில காட்டறம். அந்த ஐயா பார்த்துட்டு அவராவே நெனச்சுக்கிட்டாரு. யாரும் மாத்திச் சொல்லல. நானும் சொல்லல."

"அந்தப் பையன் மேடையில பேசுனானே?"

"அவனுக்குத் தாகமுங்."

அக்கா என் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மகளைப் பார்த்தார். இனியா தன் காதைத் தொட்டு, என்னைக் காட்டி, தலையை ஆட்டினாள். இந்த முறை அக்காவுக்கு அந்தச் சாடை புரிந்திருக்க வேண்டும். சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ பொய் சொல்ற. அவரே சொன்னாரு என்கிட்ட. படிச்ச மனுசன்," என்றார். பிறகு, "வேலைய விட்டுட்டு வந்திருக்கறேன்," என்றார்.

"அவருக்குத் தெரியாதுங்க்கா."

"யாரும் அவருகிட்டச் சொல்லலயா?"

"இல்லீங்."

பஸ் வந்தது. ஏறவா வேண்டாமா என்று இனியா அம்மாவின் சீலையை இழுத்தாள். கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு விசில் அடித்தார். பஸ் போனது.

அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, எண்ணைத் தேடி அழுத்தி, என் பக்கம் நீட்டினார்.

"இத்தன நேரம் என்கிட்டப் பேசுனீல்ல? அவருகிட்டயும் பேசு."

மணி அடித்துக்கொண்டிருந்தது. வாங்கிக் காதில் வைத்தேன்.

"வணக்கம், யாருங்க பேசறது?" என்றார் வரதராஜன் ஐயா.

"நூல் அறை வகுப்புத் தாரணி பேசறனுங்," என்றேன்.